கேட்ஸ்பியின் கால அட்டவணை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பணம் பத்தும் செய்யும் என்பார்கள். அந்தப் பத்தில் ஒன்றைப் பற்றி மட்டுமே இக்கட்டுரை பேசுகிறது. வறுமையில் பிறந்த ஓர் இளைஞன் காணும் கனவைப் பணம் என்ன செய்யும்? அதை வளர்க்குமா, வாழவைக்குமா, அல்லது வேரிலேயே அரித்துவிடுமா? இக்கேள்விக்கு விடை தேட நான் துணைக்கொண்டது ஓர் அமெரிக்க நாவல். ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு எழுதிய ‘தி கிரேட் கேட்ஸ்பி’ என்பது அதன் பெயர். 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் நியூயார்க்கில் வெளிவந்த இந்நூல், 2025இல் நூற்றாண்டு கண்டது.

ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்களுக்கு இது நன்கு அறிமுகமான நூல். இயற்பியல் பயிலும் எனக்கு இதில் என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். இந்நாவலின் கடைசி அதிகாரத்தில், ஒரு சிறுவன் தனக்காக எழுதிக்கொண்ட கால அட்டவணை ஒன்று வருகிறது. அதில் மின்சாரம் பற்றிப் படிக்க நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்டதும், இவன் நம் துறைக்காரன் ஆயிற்றே என்று தோன்றியது. பின்னர் முழு நாவலையும் அந்த அட்டவணையின் வெளிச்சத்தில் மறுபடி படித்தேன். அவ்வாறு படித்ததில் எனக்குப் புலப்பட்டதையே இங்கு எழுதுகிறேன்.

நூல் பிறந்த காலம்

முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது. ஐரோப்பிய நாடுகள் போரினால் நலிந்து கிடந்தபோது, அமெரிக்கா அவற்றுக்குக் கடன் கொடுத்த நாடாகத் தலைநிமிர்ந்து நின்றது. தொழிற்சாலைகள் பெருகின. ஹென்றி போர்டின் ‘டி’ வகைக் காரின் விலை 1925இல் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. கார், வானொலிப் பெட்டி, சலவை இயந்திரம் முதலியவற்றைத் தவணை முறையில் வாங்கும் வழக்கம் வீடுதோறும் பரவியது. விளம்பரம் தனியொரு தொழிலாக வளர்ந்தது. இந்தக் காலத்துக்கு ‘ஜாஸ் யுகம்’ என்ற பெயர் நிலைக்கச் செய்தவரும் பிட்ஸ்ஜெரால்டே.

இதே காலத்தில் அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை நாடெங்கும் அது நடைமுறையில் இருந்தது. மது தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். சட்டத்தில் விடப்பட்ட இந்தச் சிறு வாசல் வழியாகக் கள்ளப் பணம் பெருவெள்ளமாகப் புகுந்தது. நம் கதாநாயகன் செல்வனானதும் இந்த வாசல் வழியாகத்தான்.

நூலாசிரியரின் வாழ்க்கையையும் சிறிது அறிந்துகொள்வது நல்லது. பிட்ஸ்ஜெரால்டு 1896இல் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் பிறந்தார். தந்தை தொழிலில் தோற்றவர். 1908இல் பார்த்துவந்த வேலையையும் இழந்தார். தாய்வழிச் சொத்தே குடும்பத்தைத் தாங்கியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடையே பயின்ற பிட்ஸ்ஜெரால்டு, பட்டம் பெறாமலே 1917இல் இராணுவத்தில் சேர்ந்தார். அலபாமா மாநிலத்தில் முகாமிட்டிருந்தபோது ஸெல்டா என்ற நீதிபதி மகளைக் காதலித்தார். போதிய வருவாய் இல்லாத நிலையில் 1919இல் நிச்சயதார்த்தம் முறிந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 26இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. ஏப்ரல் 3இல் திருமணம் நடந்தது. இடையில் எட்டே நாள்! பணம் இல்லாதபோது மூடிய கதவு, பணம் வருகிறது என்றதும் திறந்ததை அவர் தம் வாழ்விலேயே கண்டவர். ஆண்டுக்கு 36,000 டாலர் ஈட்டியும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று 1924இல் தம்மைத் தாமே கேலி செய்து ஒரு கட்டுரையும் எழுதினார். ஆகவே, பணத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டு எழுதவில்லை, பட்டு எழுதினார்.

கதைச் சுருக்கம்

கதை 1922ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் நடக்கிறது. கதை சொல்பவன் நிக் காரவே என்ற இளைஞன். கடன் பத்திரம் விற்கும் தொழிலைக் கற்க வந்தவன். மாதம் 80 டாலர் வாடகையில் வெஸ்ட் எக் என்ற பகுதியில் ஒரு சிறு வீட்டில் குடியிருக்கிறான். அடுத்த வீடு ஒரு மாளிகை. அதன் சொந்தக்காரன் ஜே கேட்ஸ்பி. கோடை முழுவதும் அங்கே விருந்து. வெள்ளிதோறும் ஐந்து பெட்டி ஆரஞ்சும் எலுமிச்சையும் வந்திறங்கும். திங்களன்று அவை சக்கையாகப் பின்வாசல் வழியே வெளியேறும். அரை மணி நேரத்தில் 200 ஆரஞ்சுப் பழங்களைப் பிழியும் இயந்திரம் ஒன்றும் அவ்வீட்டுச் சமையலறையில் உண்டு. ஆனால் ஒரு வேலைக்காரன் தன் கட்டை விரலால் அதன் பொத்தானை 200 முறை அழுத்தினால்தான் அது வேலை செய்யும். ஆடம்பரத்தின் பின்னால் யாரோ ஒருவருடைய விரல் தேய்கிறது என்பதை ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்.

இத்தனை விருந்தும் ஒருத்திக்காக. விரிகுடாவின் எதிர்க்கரையில் ஈஸ்ட் எக் பகுதியில் வாழும் டெய்சி, நிக்கின் உறவுப் பெண். 1917இல் இராணுவ அதிகாரியாக இருந்த ஏழை கேட்ஸ்பி அவளைக் காதலித்தான். அவன் போர்முனைக்குச் சென்ற பின், 1919 ஜூன் மாதத்தில் அவள் டாம் புக்கானன் என்ற பரம்பரைச் செல்வனை மணந்துகொண்டாள். அவளை மீட்கவே கேட்ஸ்பி செல்வம் சேர்த்தான். அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கு தன் வீட்டிலிருந்து தெரியும்படி மாளிகை வாங்கினான்.

நிக்கின் உதவியால் இருவரும் மீண்டும் சந்திக்கிறார்கள். ஆனால் நியூயார்க் விடுதி ஒன்றில் டாம் எல்லார் முன்னிலையிலும் கேட்ஸ்பியின் செல்வம் எப்படி வந்தது என்று போட்டு உடைக்கிறான். டெய்சி தயங்கிப் பின்வாங்குகிறாள். திரும்பும் வழியில் அவள் ஓட்டிய கேட்ஸ்பியின் கார், மர்ட்டில் என்ற பெண்ணை மோதிக் கொல்கிறது. மர்ட்டிலோ டாமின் ஆசைநாயகி. பழியைக் கேட்ஸ்பி தன்மேல் ஏற்கத் துணிகிறான். மர்ட்டிலின் கணவன் வில்சன், டாம் காட்டிய வழியில் வந்து கேட்ஸ்பியைச் சுட்டுக் கொன்று தானும் மாய்கிறான். டாமும் டெய்சியும் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். கேட்ஸ்பியின் சவ அடக்கத்துக்கு டெய்சியிடமிருந்து ஒரு மலரும் வரவில்லை.

அட்டவணையில் இருந்தவை

இனி அந்தக் கால அட்டவணைக்கு வருவோம். கேட்ஸ்பியின் உண்மைப் பெயர் ஜேம்ஸ் கேட்ஸ். வடக்கு டகோட்டாவில் நொடித்துப்போன ஓர் உழவுக் குடும்பத்தில் பிறந்தவன். 1906 செப்டம்பர் 12ஆம் நாள், ஒரு கௌபாய்க் கதைப் புத்தகத்தின் கடைசித் தாளில் அவன் தன் நாளைப் பங்கிட்டு எழுதியிருக்கிறான். காலை ஆறு மணிக்கு எழுதல், பின் உடற்பயிற்சி, ஏழே காலுக்கு மின்சாரம் முதலான பாடங்கள், எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை வேலை, அரை மணி நேரம் விளையாட்டு, பிறகு பேச்சுப் பயிற்சி, இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை உலகுக்குத் தேவையான கண்டுபிடிப்புகள் பற்றிய ஆராய்ச்சி. இதன் கீழே சில உறுதிமொழிகள்: புகைப்பதில்லை, வாரம் ஒரு நல்ல நூலோ இதழோ படிப்பது, வாரம் 3 டாலர் சேமிப்பது. முதலில் ஐந்து என்று எழுதி, அடித்துவிட்டு மூன்று ஆக்கியிருக்கிறான். கடைசி உறுதிமொழி, பெற்றோரிடம் இன்னும் நல்லபடியாக நடந்துகொள்வது.

இதில் இழிவானது ஏதேனும் உண்டா? நம் விடுதி அறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் அட்டவணைகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஐந்தை அடித்து மூன்றாக்கிய அந்தக் கை, நம் வீடுகளில் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் கைதான். ஆகவே, கேட்ஸ்பியின் கனவு தொடக்கத்திலேயே கெட்டது என்று சொல்வதற்கில்லை. தொடக்கத்தில் அது உழைப்பின் கனவு, அறிவின் கனவு. பின் எங்கே கெட்டது?

கனவுக்கு விலை குறித்தல்

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருமணத்துக்கு முதல் நாள் டாம், டெய்சிக்கு 3,50,000 டாலர் மதிப்புள்ள முத்துமாலை ஒன்றைப் பரிசளித்தான். சிறுவன் ஜேம்ஸ் தன் உறுதிமொழிப்படி வாரம் 3 டாலர் சேமித்தால், அந்த ஒரு மாலையை வாங்க எத்தனை ஆண்டுகள் ஆகும்? 2,243 ஆண்டுகள்! காலை ஆறு மணிக்கு எழுந்து, இரவு ஒன்பது வரை உழைத்துப் படித்தாலும் எட்ட முடியாத உயரத்தில் அந்தக் கழுத்து இருக்கிறது. கேட்ஸ்பியோ தன் மாளிகைக்கான பணத்தை மூன்றே ஆண்டுகளில் ஈட்டியதாக நிக்கிடம் சொல்கிறான். இரண்டாயிரம் ஆண்டு வேலையை மூன்று ஆண்டில் செய்யவல்ல விசை நேர்மையான உழைப்பில் இல்லை. உல்ப்ஷைம் என்ற சூதாடியுடன் கூட்டுச் சேர்ந்து, மருந்துக்கடைகளை வாங்கி, அவற்றில் கள்ளத்தனமாக மது விற்றதில் இருந்தது. 2013இல் வந்த திரைப்படத்தில் நம் நாட்டு நடிகர் அமிதாப் பச்சன் ஏற்றது இந்தச் சூதாடியின் வேடமே.

இங்கேதான் முதல் கேடு நிகழ்கிறது. அட்டவணையில் இருந்தவை எல்லாம் ‘ஆதல்’ பற்றியவை: வலிமை உடையவன் ஆதல், அறிந்தவன் ஆதல், நன்றாகப் பேசுபவன் ஆதல். டெய்சியைக் கண்ட பின் கனவு ‘வைத்திருத்தல்’ என்று மாறிவிடுகிறது: மாளிகை வைத்திருத்தல், கார் வைத்திருத்தல், அவளை வைத்திருத்தல். டெய்சியின் குரலின் கவர்ச்சி எது என்று நிக் விளங்காமல் தவிக்கும்போது, அது பணத்தின் ஓசை என்று கேட்ஸ்பியே சொல்லிவிடுகிறான். தான் நேசிப்பது பெண்ணையா, அவளைச் சூழ்ந்திருக்கும் செல்வத்தையா என்று பிரித்தறிய இயலாத நிலைக்கு அவன் வந்துவிட்டான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

டெய்சியும் அப்படியே. முதன்முறை அவன் மாளிகைக்கு வந்தபோது, அவன் அள்ளி வீசும் விலையுயர்ந்த சட்டைகளில் முகம் புதைத்து அவள் அழுகிறாள். சட்டைகளுக்கும் கண்ணீர் வருகிறது.

இன்னொரு காட்சி என்னை மிகவும் வருத்தியது. கேட்ஸ்பியின் மாளிகையில் ஒரு பெரிய நூலகம் உண்டு. விருந்துக்கு வந்த ஒருவர், இவை வெறும் அட்டைகளாக இருக்கும் என்று எண்ணி எடுத்துப் பார்க்கிறார். உண்மையான புத்தகங்கள்தாம். ஆனால் தாள்கள் பிரிக்கப்படவில்லை. அக்காலத்தில் பல நூல்களின் தாள்கள் ஓரத்தில் ஒட்டியே வரும். படிப்பவர் கத்தியால் அறுத்துப் பிரித்துப் படிக்க வேண்டும். பிரிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்று பொருள். வாரம் ஒரு நூல் படிப்பேன் என்று உறுதி பூண்ட சிறுவன், ஒரு நூலகத்தையே வாங்கிவிட்டான். ஒரு நூலையும் திறக்கவில்லை! செல்வம் கனவை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் உண்டோ? அது கனவைப் பறிப்பதில்லை. கனவுக்குப் பதிலாக அதைப்போன்றே தோன்றும் பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறது.

அதே அட்டவணை, வேறொரு மனிதர்

இந்தக் கால அட்டவணைக்கு ஒரு மூதாதை உண்டு என்பர் அறிஞர். பெஞ்சமின் பிராங்க்ளின் தம் வரலாற்று நூலில் தம் அன்றாட நேரப் பங்கீட்டையும், பதின்மூன்று நற்பண்புகளைப் பழக எடுத்த முயற்சியையும் எழுதிவைத்தார். நம் துறையில் அவர் பெயரை அறியாதவர் இல்லை. மின்னலும் மின்சாரமே என்று நிறுவப் புகுந்தவர்; இடிதாங்கியைத் தந்தவர். மின்சாரம் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கிய சிறுவனை ஆசிரியர் பிராங்க்ளினின் வழித்தோன்றலாகவே படைத்திருக்கிறார் என்று எண்ண இடமுண்டு.

இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பிராங்க்ளின் 1706இல் பாஸ்டனில், மெழுகுவத்தியும் சோப்பும் செய்பவரின் மகனாகப் பிறந்தவர். அத்தந்தைக்குப் பிள்ளைகள் பதினேழு பேர். பத்து வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் பட்டறைக்குச் சென்றார். பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார். பதினேழு வயதில் ஊரை விட்டு ஓடிப் பிலடெல்பியா சேர்ந்தார். ஜேம்ஸ் கேட்ஸும் பதினேழாம் வயதில்தான் தன் வாழ்வைத் திருப்பினான். சுப்பீரியர் ஏரியில் டான் கோடி என்ற செல்வனின் உல்லாசப் படகைக் கண்ட அன்று, தன் பெயர் ஜே கேட்ஸ்பி என்று சொன்னான். அன்றிலிருந்து ஜேம்ஸ் கேட்ஸ் என்ற ஒருவன் இல்லை.

பிராங்க்ளினோ புகழின் உச்சியிலும் தம் தந்தையின் மெழுகுவத்திப் பட்டறையை மறைக்கவில்லை. தம் நூலில் அதை விரிவாகவே எழுதினார். அரசத் தூதராகப் பிரான்சு வரை சென்று திரும்பிய பின் எழுதிய உயிலிலும், தம்மை முதலில் அச்சுத் தொழிலாளி என்றும், அதன் பிறகே தூதர் என்றும் குறித்தார். அவரும் குறையற்றவர் அல்லர். அடிமைகளை வைத்திருந்தவர், பிற்காலத்தில்தான், 1787இல், அடிமை முறை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். ஆனால் வளர்வதற்காகத் தாம் பிறந்த வீட்டை அவர் அழிக்கவில்லை.

‘அமெரிக்கக் கனவு’ என்ற தொடரை 1931இல் தம் வரலாற்று நூலின் மூலம் பரப்பிய ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ், அது காரும் உயர்ந்த கூலியும் மட்டுமன்று என்றும், பிறப்பு எதுவாயினும் ஒவ்வொருவரும் தம் ஆற்றலுக்கேற்ப முழு உயரம் வளர இடமிருத்தலே அது என்றும் விளக்கினார். 1929இல் பங்குச் சந்தை சரிந்து நாடே வேலையின்றித் தவித்த நாளில் எழுதப்பட்ட நூல் அது. பிட்ஸ்ஜெரால்டு இதை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, செல்வம் பொங்கிய நாளிலேயே கண்டுவிட்டார்.

ஆக, கேட்ஸ்பி செல்வத்தை விரும்பியதால் மட்டும் அவன் கனவு கெட்டது என்று நான் கருதவில்லை. தன்னை உயர்த்திக்கொள்ளும் கனவு, தன்னை மறைத்துக்கொள்ளும் கனவாக மாறிய இடத்தில் அது கெட்டது. செல்வம் அந்த மறைப்புக்குக் கிடைத்த திரை.

இதற்கு இன்னும் ஒரு சான்றும் நாவலில் உண்டு. இளமையில் அவன் மினசோட்டாவில் செயின்ட் ஓலாப் கல்லூரியில் சேர்ந்தான். படிப்புச் செலவுக்காக அங்கே துப்புரவுப் பணி செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலையை வெறுத்து, இரண்டே வாரத்தில் வெளியேறிவிட்டான். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் படித்ததாகப் பெருமை பேசிக்கொண்டான். போருக்குப் பின் ஐந்து மாதம் அங்கே இருந்தது மட்டுமே உண்மை. துடைப்பத்தைக் கையில் பிடித்துப் பெற்றிருக்கக்கூடிய உண்மைப் பட்டத்தை விட்டுவிட்டு, பொய்ப் பட்டத்தைச் சுமந்து திரிந்தான்.

யார் மறைக்கச் செய்தது?

குற்றம் முழுவதும் அவனுடையதுதானா என்றும் கேட்க வேண்டும். பரம்பரைச் செல்வர் வாழும் ஈஸ்ட் எக்கும், புதுப் பணக்காரர் வாழும் வெஸ்ட் எக்கும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் இருப்பது சிறு கடல்நீர்தான். ஆனால் எத்தனை கோடி சேர்த்தாலும் அதைக் கடக்க முடியாது. விடுதியில் நடந்த சண்டையில், எங்கிருந்தோ வந்த பெயர் தெரியாதவன் என்று டாம் அவனை இகழ்கிறான். டாமின் செல்வமும் அவன் உழைத்துச் சேர்த்ததன்று. அவன் செய்த ஒரே காரியம் பணக்காரருக்குப் பிறந்தது. இருந்தும் பிறப்பைக் கேட்கும் உரிமை அவனுக்கு இருக்கிறது. பதில் சொல்லும் கடமை கேட்ஸ்பிக்கு இருக்கிறது. வெட்கம் தானாகப் பிறப்பதில்லை. பிறர் பார்வை கற்றுக்கொடுப்பது.

வெஸ்ட் எக்கிலிருந்து நியூயார்க் செல்லும் வழியில் ஒரு சாம்பல் மேடு வருகிறது. அது கற்பனை அன்று. நகரத்து அடுப்புச் சாம்பலைக் கொட்டிய மேடு குவீன்ஸ் பகுதியில் உண்மையாகவே இருந்தது. பின்னர் அதைச் சமன்செய்துதான் 1939ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை நடத்தினார்கள். அந்த மேட்டின் ஓரத்தில்தான் வில்சனின் கார் பட்டறை. அவன் மனைவி மர்ட்டிலும் கனவு காண்பவள்தான். திருமணத்தன்று கணவன் அணிந்திருந்தது இரவல் கோட்டு என்று அறிந்த நாள் முதல் அவள் மனம் கசந்துவிட்டது. நல்ல உடையில் டாமைக் கண்டதும் அவன் பின்னால் போனாள். அவன் அவள் மூக்கை உடைத்தான். இறுதியில் அவன் மனைவி ஓட்டிய கார் அவள் உயிரைக் கொண்டுபோயிற்று. கேட்ஸ்பி, மர்ட்டில், வில்சன் ஆகிய மூவரும் ஏழைகளாகப் பிறந்தவர்கள். நாவலில் சாகிறவர்களும் இந்த மூவரே. உடைத்தவர்கள் பணத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறார்கள். உடைந்ததைப் பொறுக்குவது பிறர் வேலையாகிறது.

தந்தை வருகிறார்

சவ அடக்கத்துக்கு யார் வந்தார்கள்? விருந்துக்கு வந்த நூற்றுக்கணக்கானோரில் கல்லறை வரை வந்தவர் ஒருவரே. நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் பார்த்த அந்த மனிதர். அந்த வீட்டிலேயே தங்கித் தின்ற ஒருவன் தொலைபேசியில் அழைக்கிறான். அங்கே விட்டுப்போன தன் டென்னிஸ் காலணிகளை அனுப்பி வைக்கக் கேட்கிறான். உல்ப்ஷைம் வர மறுக்கிறான். மழையில் நின்றவர்கள் நிக், பாதிரியார், சில வேலைக்காரர்கள், ஊர்த் தபால்காரர், இவர்களுடன் ஒரு முதியவர். அவர்தான் ஹென்றி கேட்ஸ். மகன் இறந்த செய்தியை அவர் சிகாகோ செய்தித்தாளில் படித்துத்தான் அறிந்தார்.

தன் குடும்பத்தார் செல்வர் என்றும், எல்லாரும் இறந்துவிட்டனர் என்றும் கேட்ஸ்பி நிக்கிடம் சொல்லியிருந்தான். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தந்தையைப் போய்ப் பார்த்து அவருக்கு ஒரு வீடும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நன்றி இல்லாதவன் அல்லன். எனினும், அந்தத் தந்தை மகனின் மாளிகையை நிழற்படத்தில் மட்டுமே கண்டவர். பல கை பட்டு அழுக்கேறி, மூலைகள் வெடித்த அந்தப் படத்தைப் பணப்பையிலிருந்து எடுத்து, அந்த மாளிகைக்குள்ளேயே நின்றுகொண்டு நிக்கிடம் பெருமையாகக் காட்டுகிறார். உயிரோடிருந்தால் நாட்டை உருவாக்கும் பெரிய மனிதனாகியிருப்பான் என்கிறார். பிறகு அந்தப் பழைய புத்தகத்தைத் திறந்து கால அட்டவணையை வரிவரியாகப் படித்துக் காட்டுகிறார். மகன் எறிந்துவிட்டுப் போனதைத் தந்தை காத்து வைத்திருந்தார். கேட்ஸ்பியின் உண்மையான கனவு அந்த முதியவரின் கையில்தான் பத்திரமாக இருந்தது.

நமக்கு என்ன?

இந்நாவலின் முதல் பதிப்பில் ஏறத்தாழ 21,000 பிரதிகள் அச்சாயின. அதே ஆண்டு அச்சான இரண்டாம் பதிப்பின் 3,000 பிரதிகளில் சில, 1940 டிசம்பரில் ஆசிரியர் தம் 44ஆம் வயதில் இறந்தபோதும் விற்காமல் கிடந்தன. தாம் தோற்றவர் என்றே எண்ணி அவர் மறைந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் இலவசமாக வழங்கப்பட்டன. அதன் பின்னரே நூலுக்குப் புதுவாழ்வு வந்தது. காசு வாங்காமல் கொடுத்தபோதுதான் அது மக்களைச் சென்றடைந்தது என்பதும் எண்ணத்தக்கது.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்தவர்கள். நானும் அவர்களில் ஒருவன். காலையில் வகுப்பில் இருந்துவிட்டு மாலையில் ஜவுளிக்கடையிலும் உணவு விடுதியிலும் நின்று கால் கடுப்பவர்கள் நம்மிடையே உண்டு. விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்துக்கு வரும்போது பேனா ஒரு கணம் நின்றுவிடுவதை நம்மில் பலர் அறிவோம். நாளை நல்ல வேலையும் நல்ல வீடும் வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. வறுமையை அறிந்தவர் யாரும் செல்வத்தை இகழ மாட்டார். ஆனால் அந்த வீட்டின் முன்வாசல் வழியாக நம்மைப் பெற்றவர்கள், உடன் வேலை செய்யும் பெரிய மனிதர்கள் அமர்ந்திருக்கும் நேரத்தில், கூச்சமின்றி உள்ளே வர முடியுமா? நம் கனவு கெட்டுவிட்டதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

சிறுவன் ஜேம்ஸின் அட்டவணையை மீண்டும் ஒருமுறை பார்க்கிறேன். உடற்பயிற்சிக்கு நேரம் குறித்திருக்கிறான், மின்சாரத்துக்குக் குறித்திருக்கிறான், பேச்சுப் பயிற்சிக்கும், கண்டுபிடிப்புகளுக்கும், விளையாட்டுக்கும்கூடக் குறித்திருக்கிறான். பெற்றோரிடம் நல்லபடியாக நடப்பேன் என்ற வரி எல்லாவற்றுக்கும் கீழே, நேரம் எதுவும் குறிக்கப்படாமல் நிற்கிறது. நண்பர்களே, நாம் எழுதும் அட்டவணையில் அதற்கும் ஒரு நேரம் குறித்து வைப்போம்.